ஏடிபி-சிடிபி கோர்ஸ்: 7 நாள், 4,900 டாலர், ஒரு நல்ல வாத்தியார்

அமெரிக்காவில் ஏர்லைன் பைலட் லைசென்ஸான ஏடிபிக்குப் பரீட்சை எழுதும் முன் முடிக்க வேண்டிய கோர்ஸ்தான் சிடிபி, அதாவது சர்டிஃபிகேஷன் ட்ரெய்னிங் ப்ரோக்ராம். டாலஸில் 7 நாள், ஹோட்டல் அறையும் சேர்த்து 4,900 டாலர். கடைசி நாள் சாயங்காலம் கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். அது லைசென்ஸ் இல்லை. லைசென்ஸுக்கான பரீட்சையில் பாஸ் என்ற தாளும் இல்லை. அந்தப் பரீட்சையை எழுதப் போகலாம் என்பதற்கான தாள், அவ்வளவுதான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம்கூட அரிசோனாவில் என்னோடு இன்ஸ்ட்ரக்டராக இருந்த ஒரு தம்பி போன் போட்டு, "அண்ணா, சிடிபி முடிச்சா ஏடிபி வந்துடும்ல?" என்று கேட்டார். வராது தம்பி. அதற்கப்புறம் எழுத்துத் தேர்வு, அதற்கப்புறம் செக்ரைடு, அதாவது எக்ஸாமினரோடு பறந்து காட்டுகிற தேர்வு.

ஸ்கூல் பெயரைப் போடவில்லை. பாராட்டவும் விஷயம் இருக்கிறது, திட்டவும் இருக்கிறது, நான் அங்கே இருந்த அந்த ஒரு வாரத்தில் நடந்ததை வைத்து ஒரு பெயரை ஊரெல்லாம் அடித்து வைக்க மனசில்லை. ஆனால் எந்த ஸ்கூலுக்குப் போனாலும் என்ன பார்க்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. அமெரிக்காவில் எஃப்ஏஏ (விமானத் துறையைக் கட்டுப்படுத்துகிற அரசு அமைப்பு) கொடுக்கிற சான்றிதழ்களிலேயே உச்சியில் இருப்பது ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட், சுருக்கமாக ஏடிபி. 2013 வரைக்கும் ஏர்லைனில் கேப்டனுக்குத்தான் இது கட்டாயம், பக்கத்து சீட்டில் உட்காரும் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் கமர்ஷியல் லைசென்ஸோடு, 250 மணி நேரத்தை ஒட்டிய அனுபவத்தோடேகூட உள்ளே போய்விடலாம். இப்போது இருவருக்குமே ஏடிபி வேண்டும். வயது 23 ஆகியிருக்க வேண்டும், கமர்ஷியலும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கும் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற தகுதி) இருக்க வேண்டும், மொத்தம் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவத்தில் ஓட்டியவர்களுக்கு 750, அங்கீகாரம் பெற்ற காலேஜில் ஏவியேஷன் பட்டம் வாங்கியவர்களுக்கு 1,000 என்று குறைத்துக் கொடுக்கிறார்கள், வயதும் 21 போதும், ஆனால் அது ரெஸ்ட்ரிக்டட் ஏடிபி, ஃபர்ஸ்ட் ஆஃபீசராக மட்டும் பறக்கலாம். நான் சாதா ரகம். செஸ்னா என்ற சின்ன விமானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே 1,500-ஐ எட்டினேன்.

அந்த 1,500-க்குள்ளும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது) 500, இரவு 100, இன்ஸ்ட்ரூமென்ட் 75, எந்த வகை விமானத்துக்கு ரேட்டிங் கேட்கிறோமோ அந்த வகையில் 50, கமாண்டில் (நாமே பொறுப்பு விமானியாக) 250. இன்ஸ்ட்ரக்டர்களுக்குப் பெரும்பாலும் இடிக்கிற இடம் இரவுக் கணக்கு. எனக்கும் இடித்தது, 1,460 மணி நேரத்தில் நிற்கும்போது இரவு வெறும் 81. இதற்கு ஒரு சலுகை இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரிவதில்லை: இரவில் முழுசாக நின்று கிளம்பிய டேக்ஆஃப்-லேண்டிங் 20-க்கு மேல் போனால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றையும் ஒரு மணி நேர இரவுப் பறப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அதிகபட்சம் 25 மணி நேரம் வரை. பிள்ளைகளோடு ராத்திரி ராத்திரியாகச் சுற்றியதை எண்ணிப் பார்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, ஏடிபி கணக்குக்கு மட்டும் கிராஸ் கன்ட்ரி என்றால் கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் போயிருந்தால் போதும், அங்கே இறங்கியிருக்க வேண்டும் என்றில்லை. லாக்புக்கை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், விட்டுப்போன மணி நேரங்கள் கிடைக்கும்.

சரி, கோர்ஸுக்கு வருவோம்.

சிடிபி என்பது 2014 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. அதற்கு முந்தின மாதங்களில் நாடு முழுக்க விமானிகள் விழுந்தடித்துக்கொண்டு எழுத்துத் தேர்வை எழுதி வைத்தார்கள் என்று என் பழைய சீஃப் இன்ஸ்ட்ரக்டர் சிரித்துக்கொண்டே சொல்வார், அன்றைக்கு எழுதினால் இந்தச் செலவு மிச்சம். இப்போது மல்டி எஞ்சின் ஏடிபி வேண்டுமென்றால் தப்ப வழியில்லை. (சிங்கிள் எஞ்சின் ஏடிபிக்கு சிடிபி தேவையில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஏர்லைனில் என்ன செய்வது?) வகுப்பறையில் 30 மணி நேரம், சிமுலேட்டரில் 10 மணி நேரம், குறையவே கூடாது. வகுப்பறையின் 30-ஐயும் சட்டமே பிரித்துக் கொடுத்துவிட்டது: ஏரோடைனமிக்ஸ் 8, வானிலை 2, ஏர்லைன் நடைமுறைகள் 14, தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்வது, பாதுகாப்புக் கலாசாரம் வகையறா 6. வானிலைக்கு 2 மணி நேரம் என்பதை யார் முடிவு செய்தார்களோ, அவர்கள் மே மாதத்தில் டெக்ஸஸ் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.

மணிக்கணக்கு சட்டத்தில் இருப்பதால் ஸ்கூல்காரர்கள் வருகைப் பதிவில் கறாராக இருக்கிறார்கள். காபி வாங்கப் போய் 10 நிமிஷம் தாமதமாக வந்த ஒருத்தரை சாயங்காலம் உட்கார வைத்து அந்த 10 நிமிஷத்தை ஈடுகட்டினார்கள். சின்னப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது, ஆனால் அதில் தப்பு சொல்ல முடியாது.

தப்பு சொல்ல வேண்டியது முதல் ஒன்றரை நாள் பாடம் எடுத்தவரை. ஸ்லைடு போடுவார், ஸ்லைடில் இருப்பதை அப்படியே படிப்பார், அடுத்த ஸ்லைடு. ஒருத்தர் கையைத் தூக்கி, ஸ்வெப்ட் விங்கில் நுனிப்பகுதி முதலில் ஸ்டால் ஆனால் (காற்று இறக்கையை விட்டு விலகித் தூக்கும் விசை போய்விட்டால்) மூக்கு ஏன் மேலே போகிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. "அது பின்னாடி வரும்" என்றார். வரவே இல்லை. மதியச் சாப்பாட்டில் நானே நாப்கினில் படம் போட்டு அந்த ஆளுக்கு விளக்கினேன்: இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் நுனி என்பது விமானத்தின் பின்பக்கம், பின்பக்கத்தில் தூக்கும் விசை போய்விட்டால் மிச்சமிருக்கும் விசை முன்பக்கம் நகர்ந்துவிடுகிறது, மூக்கு இன்னும் நிமிரும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். 4,900 டாலர் கட்டிவிட்டு நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் சிஎஃப்ஐ, அதாவது சான்றிதழ் பெற்ற இன்ஸ்ட்ரக்டர், 1,200 மணி நேரத்துக்கு மேல் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், ஆனால் இந்தக் கோர்ஸில் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. அந்த ஸ்லைடு மனிதருக்கு இருக்கிறது. சிடிபி இன்ஸ்ட்ரக்டர் ஆக மல்டி எஞ்சின் ஏடிபி வேண்டும், அதோடு ஏர்லைனில் குறைந்தது 2 வருஷம் பறந்திருக்க வேண்டும், கேப்டனாகவோ ஃபர்ஸ்ட் ஆஃபீசராகவோ. சார்ட்டர் மாதிரியான வேறு சில வகைப் பறப்புகளில் கேப்டனாக 2 வருஷம் இருந்தாலும் செல்லும். சிமுலேட்டரில் சொல்லிக் கொடுப்பதென்றால் இன்னும் கூடுதல்: அந்த சிமுலேட்டர் எந்த விமானமோ அதற்கு டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டத் தனித் தகுதி) இருக்க வேண்டும், அந்தப் பயிற்சிகளில் கடந்த 12 மாதத்துக்குள் அவரும் பயிற்சி பெற்றுத் தேறியிருக்க வேண்டும், சிமுலேட்டரால் எதை எல்லாம் காட்ட முடியாது என்பதிலும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்களின் நோக்கம் சரிதான். செஸ்னாவை விட்டு இறங்காத என்னைப் போன்றவன் ஜெட் பற்றி வகுப்பெடுத்தால் அது புத்தகத்தை ஒப்பிக்கிற வேலையாகிவிடும். ஆனால் ஏர்லைனில் 2 வருஷம் பறந்தவருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்க வந்துவிடுமா என்றால், அதற்குச் சட்டத்தில் வழி இல்லை. சிஎஃப்ஐ இல்லாதவர் என்றால் கற்பித்தல் பற்றி ஒரு பயிற்சி எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்திருப்பார். ஸ்லைடு போட்டு எடுத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் மதியம் ஆள் மாறினார். அங்கேதான் கோர்ஸ் ஆரம்பித்தது என்று சொல்வேன்.

ரிட்டயர்டு கேப்டன். ஏர்லைனில் 65 வயதுக்கு மேல் ஓட்ட விட மாட்டார்கள், இங்கே வந்துவிட்டார். முதல் காரியம், ப்ரொஜெக்டரை அணைத்தார். போர்டில் ஒரு கோடு போட்டு 41,000 என்று எழுதினார். 2004 அக்டோபர் 14, பினாக்கிள் ஏர்லைன்ஸின் 3701, சிஆர்ஜே-200 என்ற சின்ன பயணிகள் ஜெட், பயணிகள் இல்லாமல் இரண்டே விமானிகள் மட்டும் இடம் மாற்ற எடுத்துப் போன விமானம். அந்த ரக விமானத்தின் உச்ச வரம்பு 41,000 அடி, அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு ஏறினார்கள். மெல்லிய காற்றில் வேகம் குறைந்துகொண்டே போனது, ஸ்டால், இரண்டு எஞ்சினும் நின்றுபோயின, திரும்பப் பற்றவே இல்லை, மிசௌரியில் ஜெஃபர்சன் சிட்டி பக்கத்தில் விழுந்து இருவரும் போய்விட்டார்கள். இதெல்லாம் விமானிகளுக்குத் தெரிந்த கதைதான். அவர் செய்தது, அந்தக் கோட்டில் ஒவ்வொரு இடமாகப் புள்ளி வைத்து, "இங்கே நீ என்ன செய்திருப்பாய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டது. இந்தப் புள்ளியில் மூக்கை இறக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதிலும் ஆகியிருக்காது. இதில் கொஞ்சம் கஷ்டம். 4 மணி நேரம் போனதே தெரியவில்லை.

எம்இஎல் பாடமும் அவர்தான். எதெது வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, எந்தெந்த நிபந்தனையோடு கிளம்பலாம் என்று சொல்கிற பட்டியல் அது, படிக்க டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். அதை அவர் ஒரு கேள்வியாக மாற்றினார்: காலையில் விமானத்துக்கு வருகிறீர்கள், கேபினுக்குக் காற்று கொடுக்கிற இரண்டு பேக்கில் ஒன்று வேலை செய்யவில்லை, கிளம்பலாமா? புத்தகம் கிளம்பலாம் என்கிறது. ஆனால் உயரத்துக்கு வரம்பு வரும். கீழே பறந்தால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். கூடுதல் எரிபொருள் போட்டால் எடை கூடும், எடை கூடினால் ஆட்களையோ பெட்டிகளையோ இறக்க வேண்டி வரலாம். கீழே பறக்கும் உயரத்தில்தான் இன்றைக்கு மேகமும் ஐஸும் இருக்கிறது. இதை யார் முடிவு செய்வது? கேப்டன் என்று எல்லோரும் சொன்னோம். பாதி மதிப்பெண் என்றார். தரையிலிருந்து பறப்பைத் திட்டமிடுகிற டிஸ்பேட்சரும் கேப்டனும் சேர்ந்து பொறுப்பு, ஒருத்தர் வேண்டாம் என்றால் விமானம் கிளம்பாது. தனியாக செஸ்னா ஓட்டிப் பழகியவனுக்கு இது புதுசு, தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் என் விமானத்துக்குப் பாதிப் பொறுப்பு.

இனி ஆபீஸ் பற்றி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ரிவ்யூ பொய்யாகிவிடும்.

சிமுலேட்டர் 24 மணி நேரமும் ஓடுகிற சரக்கு. பகல் நேரம் எல்லாம் ஏர்லைன்கள் ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்கின்றன, காசு கட்டித் தனியாக வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு மிச்சம் மீதி. எனக்குக் கிடைத்தது அதிகாலை 2 மணி முதல் 6 மணி. சரி, ஏர்லைன் வாழ்க்கையே அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு 1 மணிக்குப் போய் நின்றால், சிமுலேட்டர் ரிப்பேர். எப்போதிலிருந்து? இரவு 9 மணியிலிருந்து. ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. வரவேற்பில் இருந்தவர் "நாளைக்கு அதே நேரம் வாருங்கள்" என்று சொன்ன தோரணை, ஏதோ சலூனில் கூட்டமாக இருக்கிறது என்பது போல இருந்தது. ஒரு நாள் கூடுதல் ஹோட்டல் செலவை யார் கொடுப்பது என்று கேட்டு 3 மெயில் போட்டேன், கடைசியில் அவர்களே கொடுத்தார்கள், ஆனால் விமான டிக்கெட் மாற்றிய 140 டாலர் என் தலையில். புக் பண்ணும்போதே கேளுங்கள்: சிமுலேட்டர் படுத்துவிட்டால் ஹோட்டல் யார் பொறுப்பு, டிக்கெட் யார் பொறுப்பு. மெயிலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாயால் வாங்கினேன்.

10 மணி நேரத்தில் 4 மணி நேரத்தை ஆடாமல் அசையாமல் நிற்கிற ட்ரெய்னிங் டிவைஸில் ஓட்டலாம், ஃப்ளைட் மேனேஜ்மென்ட் சிஸ்டம், ஆட்டோபைலட் இதெல்லாம் பழகுவதற்கு. மீதி 6 மணி நேரம் லெவல் சி அல்லது டி சிமுலேட்டரில் (நிஜ விமானம் போலவே அசைகிற உயர்ந்த ரகம்), அதுவும் டேக்ஆஃப் எடை 40,000 பவுண்டுக்குக் குறையாத டர்பைன் விமானத்தின் சிமுலேட்டராக இருக்க வேண்டும். எங்களுக்கு சிஆர்ஜே-200, லெவல் டி. ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் கண்காணிக்க. என் ஜோடி ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், தங்கமான மனிதர், ஆனால் ரேடியோவில் ஏதாவது வந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பதில் சொல்வோம்.

அதிகாலை 3 மணிக்கு, 35,000 அடியில், ஸ்டால்.

நான் ஸ்டால் சொல்லிக் கொடுத்தே பிழைத்தவன். யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்) இரண்டு கைக்குள்ளும் கடகடவென்று அதிர ஆரம்பித்தது, ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கிற ஸ்டிக் ஷேக்கர், சத்தம் பல்லில் கேட்கிற மாதிரி. மூக்கை லேசாக இறக்கினேன், த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன், 500 அடிக்கு மேல் இழக்காமல் பிடித்து நிமிர்த்தினேன். மனசுக்குள் சபாஷ் என்று சொல்லிக்கொண்ட அதே நொடியில் மறுபடியும் கடகடகட. பின்னால் இருந்த இன்ஸ்ட்ரக்டர் (அந்த ரிட்டயர்டு கேப்டனேதான், கடவுள் புண்ணியம்) சிமுலேட்டரை உறைய வைத்துவிட்டு, "உயரத்தை யாருக்காகச் சேமிக்கிறாய்?" என்றார். அவ்வளவு உயரத்தில் எஞ்சினிடம் கொடுக்க மிச்சமே இல்லை, தள்ளியும் பிரயோசனமில்லை. வேகம் வர வேண்டுமென்றால் உயரத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அடுத்த முறை மூக்கை நன்றாக இறக்கி, கை பதறப் பதற, 3,000 அடிக்கு மேல் இழந்தேன். ஷேக்கர் ஒரு தரம்தான் வந்தது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை, "இன்னொரு முறை" என்றார். 5 முறை செய்ய வைத்தார்.

உயரம் இழக்காமல் மீள்வதைத்தான் பல காலம் சாமர்த்தியம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், தேர்வுகளிலும் அதைத்தான் பார்த்தார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது என் கைக்கும் வந்திருக்கிறது. இந்தக் கோர்ஸே பிறந்தது அந்த இடத்தில்தான். 2009 பிப்ரவரி 12, நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் 3407. இறங்குகிற நேரத்தில் வேகம் குறைந்தது, ஷேக்கர் அதிர்ந்தது, கேப்டன் யோக்கைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தார். மூக்கை இறக்கிவிட விமானமே யோக்கை முன்னால் தள்ளியது, அதையும் எதிர்த்து இழுத்தார். விமானத்தில் 49 பேர், கீழே வீட்டில் இருந்த ஒருவர். இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து 2010-இல் சட்டம் கொண்டுவர வைத்தார்கள், 2013-இல் எஃப்ஏஏ விதி வந்தது. அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதைச் சொல்லி 1,500 விதியைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நான் நுழையவில்லை. ஆனால் அதிகாலை 3 மணிக்கு என் கை செய்ததைப் பார்த்த பிறகு, அந்த 6 மணி நேர சிமுலேட்டருக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அப்செட் ரெகவரியும் (நிலை தடுமாறிய விமானத்தை மீட்பது) அன்றைக்கே. விமானத்தைத் தலைகுப்புற மாதிரி ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டுக் கையில் கொடுப்பார். நான் மீட்டு நிமிர்த்தினேன், சுகமாகத்தான் இருந்தது. எழுந்து வந்து பார் என்று தன் திரையைக் காட்டினார். நான் இழுத்த இழுப்பில் ஜி அளவு வரம்பைத் தாண்டிக் கோடு மேலே போயிருந்தது. நிஜ விமானமாக இருந்தால் உடம்பு நாற்காலியில் அழுந்திச் சொல்லியிருக்கும், ஆறு கால்களில் நிற்கிற இந்தப் பெட்டியால் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. சிமுலேட்டரால் முடியாததையும் இன்ஸ்ட்ரக்டர் கற்றிருக்க வேண்டும் என்ற விதி எதற்கு என்று அப்போது புரிந்தது. வேறொரு ஜோடிக்கு வேறொரு இன்ஸ்ட்ரக்டர், அவர் அந்தத் திரையைக் காட்டவே இல்லையாம். ஸ்கூல் ஒன்று, சிமுலேட்டர் ஒன்று, கட்டிய காசும் ஒன்று.

சிமுலேட்டரில் பாஸ், ஃபெயில் என்று எதுவும் எங்களுக்குப் போடவில்லை. ஓட்டினாய், பார்த்தாய், தாளை வாங்கிக்கொள்.

அந்தத் தாளோடு மறுநாளே எழுத்துத் தேர்வு. 125 கேள்வி, 4 மணி நேரம், 70 எடுத்தால் பாஸ், கட்டணம் 175 டாலர். கோர்ஸில் படித்ததற்கும் இந்தக் கேள்விகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கோர்ஸ் ஜெட்டின் குணத்தைச் சொல்கிறது, தேர்வு சார்ட்டில் கோடு போட்டு டேக்ஆஃப் வேகம் கண்டுபிடிக்கச் சொல்கிறது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஷெப்பர்ட் ஏர் என்ற கேள்வி-பதில் தொகுப்பை முன்கூட்டியே வாங்கி 3 வாரம் மனப்பாடம். நம் ஊரில் கைடு வைத்து ப்ளஸ் டூ எழுதியவர்களுக்கு இது கைவந்த கலை. 94 வந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை, அதில் எவ்வளவு இப்போது ஞாபகம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சிடிபி முடித்து எழுதிய ரிசல்ட் 60 மாதம் செல்லும் என்பது ஒரு நிம்மதி.

இந்த இடத்தில் யோசிக்க வேண்டியது ஒன்று. ரீஜினல் ஏர்லைன் உங்களை வேலைக்கு எடுத்துவிட்டால் சிடிபியை பெரும்பாலும் அவர்களே தங்கள் செலவில் கொடுத்துவிடுவார்கள், செக்ரைடும் அவர்கள் சிமுலேட்டரிலேயே டைப் ரேட்டிங்கோடு சேர்ந்து முடிந்துவிடும். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறவர் சொந்தக் காசைக் கட்ட வேண்டாம். என்னை எடுத்த சின்ன சார்ட்டர் கம்பெனி ஏடிபியோடு வா என்று சொல்லிவிட்டது, அதனால் நான் எல்லாவற்றையும் கையைக் கடித்துக்கொண்டு செய்தேன். செக்ரைடுக்கு செமினோல் என்ற இரட்டை எஞ்சின் சின்ன விமானம், வாடகைக்கு.

ப்ரைவேட் லைசென்ஸிலிருந்து எல்லாத் தேர்வுக்கும் ஒரு இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பியே பழக்கம். டைப் ரேட்டிங் சேராத ஏடிபி செக்ரைடுக்கு அந்தக் கையெழுத்து தேவையில்லை. நம்மைத் தயார் என்று சொல்ல நம்மை விட்டால் ஆளில்லை. ஃபெயில் ஆனால்தான் இன்ஸ்ட்ரக்டரிடம் போய்ப் பயிற்சி எடுத்து, கையெழுத்து வாங்கி, மறுபடியும் வர வேண்டும். அந்தச் சுதந்திரத்தை நம்பி நேராகப் போகாதீர்கள். நான் ஒரு மல்டி எஞ்சின் இன்ஸ்ட்ரக்டரோடு 6 மணி நேரம் பறந்தேன், மணிக்கு 75 டாலர் அவருக்கு, விமான வாடகை தனி. இந்த மொத்தக் கதையிலும் காசு சரியாகச் செலவான இடம் இதுதான். இன்ஸ்ட்ரூமென்ட் தேர்வில் ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டுகிற ரேடியோ சிக்னல்) ஊசி முக்கால் பங்கு விலகும் வரை பொறுத்துக்கொள்வார்கள், ஏடிபியில் கால் பங்குதான். ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்குகிற கடைசிக் கட்டத்தில், வேகம் 5 நாட் (knot) வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஸ்டீப் டர்னில் உயரம் 100 அடிக்குள், சாய்வு 5 டிகிரிக்குள். முதல் பறப்பில் ஒரு எஞ்சினோடு ஐஎல்எஸ் பிடித்தபோது என் ஊசி பாதித் தூரம் போய் நின்றது. அவர் வாய் திறக்காமல் விரலால் ஊசியைக் காட்டினார். பிரச்சினை கையில் இல்லை, காலில். வேகம் மாறும்போதெல்லாம் ரட்டரில் கால் அழுத்தம் மாற வேண்டும், நான் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டிருந்தேன். 4-வது பறப்பில்தான் அது சரியானது.

எக்ஸாமினர் வயதானவர், பேச்சு குறைவு, கட்டணம் 1,200 டாலர். லாக்புக்கை ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்தார், இரவு லேண்டிங் சலுகையை நான் தனித்தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து ஒரு தலையசைப்பு. மேலே போனதும் ஒரு கட்டத்தில் செக்லிஸ்ட் அட்டையை எடுத்து த்ராட்டில்களை மறைத்துக்கொண்டார். அப்படி மறைத்தாலே தெரியும், அட்டைக்குப் பின்னால் ஏதோ ஒன்றை இழுக்கப் போகிறார். விமானம் இடது பக்கம் இழுத்தது, வலது காலை மிதித்தேன், இடது கால் சும்மா இருந்தது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போயிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்த்து, வேகமானியில் 88 நாட் நீலக்கோட்டை (ஒரே எஞ்சினில் நன்றாக ஏறுகிற வேகம்) பிடித்து, அப்படியே ஐஎல்எஸ். ஊசி கால் பங்கைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது, தாண்டவில்லை. இறங்கி நிறுத்தியதும் "ஃபைனலில் ஏன் இவ்வளவு இறுக்கமாக யோக்கைப் பிடிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். தற்காலிகச் சான்றிதழ் ஒரு வெள்ளைத் தாள், 120 நாள் செல்லும், ப்ளாஸ்டிக் அட்டை பின்னால் தபாலில் வரும்.

மொத்தச் செலவு, சிடிபி, தேர்வு, செமினோல், எக்ஸாமினர் எல்லாம் சேர்த்து 8,700 டாலரைத் தொட்டது. ஸ்கூலுக்கு மார்க் போடச் சொன்னால் ரிட்டயர்டு கேப்டனுக்கு 5-க்கு 5, சிமுலேட்டருக்கு 4, ஆபீஸுக்கு 1, ஸ்லைடு வாத்தியாருக்கு மார்க் போடப் போவதில்லை, வருகைப் பதிவு மட்டும். ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு வரி: இதை வாங்கிக்கொண்டு போய் அப்படியே இந்தியாவில் ஓட்ட முடியாது, இந்திய விமானத் துறை அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகள் தனி, அதற்காக இந்தக் கோர்ஸுக்கு வராதீர்கள்.

போன் பண்ணிய தம்பியிடம் இவ்வளவையும் அரை மணி நேரம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிண்ணா, வேற ஒரு ஸ்கூல் 4,300-க்கு தர்றாங்க, அங்க போகட்டுமா?" என்றார். போ, ஆனால் சிமுலேட்டரில் யார் உட்காருவார், எந்த ஏர்லைனில் எத்தனை வருஷம் ஓட்டினார் என்று கேட்டுவிட்டு காசு கட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உங்க கேப்டன் இன்னும் அங்கதான் இருக்காரா?" இருக்கிறார், வாரத்தில் 3 நாள் மட்டும் வருகிறார், அவர் எந்த பேட்சுக்கு என்று ஆபீஸில் போன் பண்ணிக் கேட்டால் சொல்வார்கள். போனை எடுத்தால்.